ஆற்றுக்காரி எந்தப் பக்கத்தில்?

வசந்தம் என்றாலே தென்றல் என்று பாடி வைத்தவர்கள் யாரும் இந்த வீட்டுத் தோட்டத்தில் வந்து நின்றதில்லை.

இங்கே வசந்தம் என்றால் காற்று. கொடியில் காயும் சட்டையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தானம் செய்துவிடுகிற காற்று. காலையில் பல்லைக் காட்டும் வெயில், மதியத்துக்குள் இடி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மழை. நடுவில் கரண்ட் போகும். வந்தால் வரும்.

இந்தத் தொடரை விடாமல் படித்து வருகிறவர்கள் அடுத்த சில பத்திகளை வேகமாகத் தாண்டிவிடலாம். இடையில் வந்து ஏறியவர்களுக்காகத்தான் இது.

இந்த வீட்டில் மூன்று பேர். ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற மகன். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிற மருமகள். மருமகளுக்கு இரண்டு கிறுக்கு உண்டு. தோட்டம் நிறைய ரோஜா, அலமாரி நிறைய மாயாஜால நாவல். "ஒண்ணு முள்ளு, இன்னொண்ணு புளுகு" என்று மாமனார் இரண்டையும் ஒரே வீச்சில் ஒதுக்கி வைத்திருந்தார்.

இந்த வசந்தத்தில், டி.வி.யும் ஓடாத ஒரு மழை நாளில், வேறு கதியில்லாமல் அவர் ஒரு நாவலை எடுத்தார். ஏழு டிராகன்கள், ஏழு பாகங்கள், ஒவ்வொன்றும் தலையணை கனம். சாயங்காலம் மருமகள் வேலையிலிருந்து திரும்பியபோது வாசலிலேயே வழக்கு காத்திருந்தது.

"அந்தக் குதிரை ராத்திரி பகலா ஓடுதே, அதுக்கு எப்பத் தண்ணி காட்டினான்? எழுதினவனுக்கு எதையும் ஓட்டிப் பழக்கமே இல்ல."

மறுநாள் அலமாரியில் இரண்டாம் பாகத்தைக் காணோம்.

அப்புறம் என்ன? அவள் குச்சி நட்டு ரோஜாவைக் கட்டுவாள். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு படிப்பார். அவளை விட ஒரு பாகம் முன்னால் போய்விட்டார். "ஒரு துளி மட்டும் சொல்லுங்க மாமா" என்று அவள் கெஞ்சுவாள். அவர் பிகு பண்ணிக்கொண்டு சொல்வார். நாலாம் பாகத்தில் வரும் ஆற்றுக்காரியைப் பற்றி அப்படித்தான் சொன்னார். கண்ணாடிக்காரி என்று அவர் கேலியாக வைத்த பெயர் அந்த நாட்களில்தான் செல்லப் பெயரானது.

அப்புறம்தான் அந்தக் கத்திரி.

தோட்டத்து மூலையில் ஒரு கருஞ்சிவப்பு ரோஜா. சீமாட்டி என்று பெயர் வைத்திருந்தாள். ஒட்டுக்கட்டி, கண்ணைப்போல வளர்த்து, இந்த வருடம்தான் முதல்முறையாகச் செடி முழுக்க மொட்டு. உதவி செய்கிறேன் பேர்வழி என்று மாமனார் காய்ந்த குச்சிகளை வெட்டப் போனார். வெட்டியது எல்லாம் மொட்டு வைத்த துளிர். காய்ந்த குச்சி அப்படியே நின்றது.

வேலை முடிந்து வந்தவள் வெட்டிப்போட்ட மொட்டுகளை வாரி எடுத்தாள். "கண்ணு தெரியலையா மாமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

கோபத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். அவர் கத்திரியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்கு மறுநாள்தான் அவர் மகள், வெளியூரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் சிட்டு, போன் செய்தாள்.

"அண்ணி, அப்பா இனிமே எங்க வீட்டுலதான் இருக்கப் போறாராம். அவரே சொல்லிட்டார். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அந்த நாள் இன்று.

*

காலையிலேயே கடை முதலாளி சொல்லிவிட்டார், புயல் எச்சரிக்கை இருக்கிறது, கடை திறக்கவில்லை என்று. கணவன், விடியும் முன்பே அழைப்பு வந்து போய்விட்டான். மரம் விழுகிற நாளில் ஆம்புலன்ஸ்காரனுக்கு வீடு ஏது?

மருமகள் தோட்டத்தில் நின்று கொடி ரோஜாவைச் சுவரோடு சேர்த்துக் கட்டினாள். காற்று ஒரு கையால் கட்டியதை இன்னொரு கையால் அவிழ்த்தது. மாமனாரின் நாற்காலி மழையில் நனையாத இடத்தில் காலியாகக் கிடந்தது.

உள்ளே அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"டீ போடட்டுமா மாமா?"

"உனக்குப் போட்டுக்கறதா இருந்தா போடு."

"மதியம் என்ன செய்யட்டும்?"

"எதுவா இருந்தாலும் சரி."

சண்டை போட்டிருந்தால் கூடத் தேவலை. இந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. என்னால் போகிறார், ஒரு செடிக்காகப் போகிறார் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் ஒரு சட்டையை உதறி மடிக்க ஆரம்பித்தார்.

இடி இடித்தது. கரண்ட் போனது. மழை சாய்வாக வந்து கண்ணாடியை அறைந்தது. இனிமேல் தோட்டத்தில் நிற்க முடியாது. அவள் சமையலறை ஜன்னலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மனசை எதிலாவது கட்டிப்போட நாலாம் பாகத்தை எடுத்தாள். மாமனார் முடித்துவிட்டதாகச் சொல்லி அலமாரியில் திருப்பி வைத்த பாகம்.

ஆற்றுக்காரி வருகிற இடத்தைத் தேடிப் படிப்போம் என்று நினைத்தாள். அவர் சொன்னது அவளுக்கு மனப்பாடம். ஆற்றுக்காரி கூலியாகக் காசு வாங்க மாட்டாள். படகில் ஏறுகிறவன் யாரை விட்டுவிட்டு வருகிறானோ அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் படகு நகரும். பொய்ப் பெயர் சொன்னால் கரையை விட்டு அசையாது.

புரட்டினாள். ஆற்றுக்காரி இல்லை. முன்னால் போய்த் தேடினாள், பின்னால் வந்து தேடினாள். படகே இல்லை. அந்தப் பாகம் முழுக்கப் பாலைவனத்தில் நடக்கிறது.

புரட்டும்போதெல்லாம் விரலில் ஏதோ தடுத்திருந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அச்சகத்தில் வெட்டும்போது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. முதல் சில அத்தியாயங்கள் மட்டும் படித்துக் கசங்கியிருந்தன. மிச்சம் யாரும் திறக்காத புதுப் பக்கங்கள்.

அவள் மெதுவாகப் புத்தகத்தை மூடினாள்.

கடையில் தினம் எத்தனை பேரைப் பார்க்கிறாள். எழுத்தை நேராகப் பார்க்காமல் தலையைச் சாய்த்துப் பார்ப்பவர்கள், கோப்பைக்கு வெளியே தண்ணீர் ஊற்றுபவர்கள். மாமனார் இரண்டு வாரமாகப் புத்தகத்தை முகத்துக்கு நேராக இல்லாமல் சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தார். வெளிச்சத்துக்காக என்று நினைத்தாள். டீயைச் சாஸரில் கொட்டினார். வயசு என்று நினைத்தாள். அவருடைய வலது கண்ணில் புரை இருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எடுக்கலாம் எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். "இடது கண்ணு இருக்கே, சிங்கம் மாதிரி" என்பார். அதனால் யாரும் கவலைப்படவில்லை.

காய்ந்த குச்சிக்கும் துளிருக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது கவனக்குறைவு அல்ல.

அவள் புத்தகத்தோடு அவர் அறைக்குப் போனாள்.

"மாமா, ஆற்றுக்காரி எந்தப் பக்கத்துல வர்றா?"

அவர் நிமிரவில்லை. "நாலாம் பாகத்துல."

"நாலாம் பாகத்துல எங்க?"

"நடுவுல எங்கயோ. பக்க நம்பர் எல்லாம் யாரு ஞாபகம் வெச்சுக்கறது?"

"நடுவுலயும் இல்ல, கடைசியிலயும் இல்ல. இதுல ஆறே இல்ல மாமா. எல்லாரும் குடிக்கத் தண்ணியில்லாம மணல்ல நடக்கறாங்க."

"அச்சடிக்கும்போது விட்டிருப்பான்."

"மாமா."

அவர் கையிலிருந்த சட்டையை மடிக்காமலே பெட்டிக்குள் போட்டார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"எழுந்து ஜன்னல் பக்கம் வாங்க," என்றாள். "வலது கண்ணை உள்ளங்கையால மூடிக்கோங்க. இந்தக் கம்பிகளைப் பாருங்க. எப்படி இருக்கு?"

கடைச் சுவரில் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டை தொங்கும். வயதானவர்கள் யார் வந்தாலும், கோடு நெளிகிறதா என்று அதைப் பார்க்கச் சொல்லுவாள். சொந்த வீட்டு மனுஷனை ஒருநாளும் அதன் முன்னால் நிறுத்தியதில்லை.

அவர் பார்த்தார். ஜன்னல் கம்பிகள் நேராக, இடைவெளி பிசகாமல் நின்றன.

"நெளியுது," என்றார். "வெயில் காலத்துல தூரத்துத் தண்டவாளம் நெளியுமே, அந்த மாதிரி. நடுவுல இருக்கற கம்பி இல்லவே இல்ல. புகை மாதிரி இருக்கு."

"எத்தனை நாளா?"

"முதல்ல எழுத்துதான் போச்சு. வரி நடுவுல ஒரு வார்த்தை இருக்காது. கண்ணாடி அழுக்குன்னு தொடைச்சேன். அப்புறம் உன் மூஞ்சி."

"என் மூஞ்சியா?"

"நேராப் பாத்தா தோடு தெரியுது, தலைமுடி தெரியுது. மூஞ்சி மட்டும் தெரியல. ஓரமாப் பாத்தா கொஞ்சம் வருது. அதான் உன்கிட்டப் பேசும்போது சுவத்தைப் பாத்துட்டே பேசறேன். நீ கோபம்னு நெனச்சுட்டே."

அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப ஆற்றுக்காரி?"

"நீ கேட்டே. புத்தகத்தைப் பிடிச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன், என்னத்தச் சொல்றது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"புத்தகத்தை விட அது நல்லா இருந்தது மாமா."

"போடி," என்றார். ஆனால் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் ஓடி மறைந்தது.

"ஏன் என்கிட்டச் சொல்லல? கண்ணாடிக் கடையில வேலை பாக்கற பொம்பளை வீட்டுலயே இருக்கேன்."

"அதனாலதான் சொல்லல. உன் காதுல போட்டா சும்மா விடுவியா? வண்டி ஓட்டின காலம் பூரா வருஷம் தவறாம கண்ணைச் சோதிப்பாங்க. கண்ணுல குறைன்னா அன்னைக்கோட இறக்கி விட்டுருவாங்க. அந்தப் பயம் ரத்தத்துல ஊறிப் போச்சும்மா. யார் கண்ணைப் பத்திப் பேசினாலும் எழுந்து போயிருவேன்."

"நான் அன்னைக்குக் கேட்டேனே, கண்ணு தெரியலையான்னு..."

"நீ கேட்டது தப்பில்ல. நெசமாவே தெரியல. அதான் சுட்டுச்சு." அவர் பெட்டியைத் தடவினார். "சிட்டு வீட்டுல செடியும் இல்ல, புத்தகமும் இல்ல. ஒரு மூலையில உக்காந்திருந்தா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"தெரியாம இருந்து? முழுசாப் போற வரைக்கும் உக்காந்திருப்பீங்களா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "இதுக்கு வைத்தியம் இருக்கு மாமா. சீக்கிரம் போனா இருக்கற பார்வையைக் காப்பாத்தலாம். தள்ளிப்போட்டா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி, போவோம். புயல் அடங்கட்டும். ஆனா பசங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம். சத்தியம் பண்ணு."

"பண்ண மாட்டேன்."

"என்னது?"

"சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். நீங்களே சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன். இன்னைக்கே போறோம்."

அவர் அவளை நேராகப் பார்க்க முயன்றார். அப்புறம் பழக்கப்படி அவள் காதுப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"என் பொண்டாட்டி கூட என்கிட்ட இப்படிப் பேசினதில்ல."

"அவங்களுக்கு உங்க மேல பயம் இருந்திருக்கும். எனக்கு உங்க கண்ணு மேலதான் பயம்."

*

கடை முதலாளிக்குப் போன் போட்டு கண் ஆஸ்பத்திரி நம்பரை வாங்கினாள். அங்கே ஒரு டாக்டர் சாயங்காலம் வரை இருப்பார் என்றார்கள். எப்படியாவது வந்துவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்றார்கள். கணவனுக்குப் போன் அடித்தாள். பின்னால் சைரன் கேட்டது.

"பாலத்துப் பக்கம் மரம் விழுந்திருக்கு. நான் இப்ப வரவே முடியாது. என்ன அவசரம்?"

"அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல. இன்னைக்கே டாக்டரைப் பாக்கணும்."

"டாக்ஸி ஒண்ணும் ஓடல. பழைய சந்தை ரோடு திறந்திருக்கு, அது வழியாப் போனாப் போகலாம். ஆனா எதுல போவீங்க?"

அப்போதுதான் வாசலில் ஹாரன் கேட்டது. சிட்டு வந்துவிட்டாள்.

காரிலிருந்து வாசல் வருவதற்குள் தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்கு. ரெண்டு இடத்துல சுத்திட்டு வந்தேன். அப்பா எங்க? அண்ணி, நான் நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவை என்ன சொன்னீங்க? போன்ல அவர் குரலே சரியில்ல. இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்னு அடம் பிடிச்ச மனுஷன், தானா வர்றேங்கறாரு."

மருமகள் வாயைத் திறப்பதற்குள் அறை வாசலில் மாமனார் வந்து நின்றார். கதவு நிலையைக் கையால் தொட்டுக்கொண்டு நின்றார்.

"அவளை ஒண்ணும் சொல்லாத. எனக்குக் கண்ணு தெரியல, சிட்டு."

சிட்டு தலை துவட்ட எடுத்த துண்டு அப்படியே நின்றது.

"எந்தக் கண்ணு? புரை இருக்கே, அதுவா?"

"நல்ல கண்ணு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். பயம் வரும்போது கோபமாக வெளியே வருவது அந்த வீட்டு ரத்தம்.

"நீங்க கண்ணாடிக் கடையிலதானே அண்ணி வேலை பாக்கறீங்க?"

"ஆமா," என்றாள் மருமகள். "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்."

"அவளுக்குத் தெரியக் கூடாதுன்னு நான் ஏமாத்தினேன்," என்றார் மாமனார். "நல்லா ஏமாத்தினேன். இல்லாத கதை எல்லாம் கட்டி ஏமாத்தினேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேணாம், வரிசையா வாங்க."

சிட்டு மூக்கை உறிஞ்சினாள். துண்டை நாற்காலி மேல் எறிந்தாள். கார் சாவியை எடுத்தாள்.

"வண்டியில திட்டிக்கறேன். ஏறுங்க."

வெளியே வந்தபோது ஆலங்கட்டி விழ ஆரம்பித்திருந்தது. ரோஜாக்கள் மேல் எதுவும் மூடவில்லை. கோணிப்பைகள் மடித்தபடி சுவரோரம் கிடந்தன. சிட்டு நின்றாள்.

"அண்ணி, உங்க செடிங்க..."

"கிடக்கட்டும். நீ வண்டியை எடு."

*

பயிற்சிப் பள்ளிக் காரில் ஒரு விசேஷம் உண்டு. சொல்லிக் கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்திலும் பிரேக் இருக்கும். மாமனார் அந்த ஸீட்டில் உட்கார்ந்தார். பின்ஸீட்டில் மருமகள்.

முதல் திருப்பத்திலேயே கார் குலுங்கி நின்றது.

"அப்பா, காலை எடுங்க."

"எதிர்ல என்னமோ வந்தது."

"நமக்கு முன்னாடி போற வண்டி அது. வரல, போகுது."

அடுத்த தெருவில் மறுபடியும் குலுங்கியது.

"அப்பா, நான் எத்தனை பேருக்கு ஓட்டக் கத்துக் கொடுத்திருக்கேன். ஒருத்தர் கூட இப்படிப் பிரேக் போட்டதில்ல."

"ஆயுசு பூரா வண்டியை நிறுத்தினவன்ம்மா. ஓட்டறது பெரிசில்ல, நிறுத்தறதுதான் பெரிசு."

"காலை மடக்கி ஸீட் மேல வெச்சுக்கோங்க. சின்னப் புள்ளைங்களை அப்படித்தான் உக்கார வைப்பேன்."

அவர் நிஜமாகவே காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பின்னால் மருமகள் சிரித்துவிட்டாள். சிட்டுவும் சிரித்தாள். ஆலங்கட்டி கூரையில் கொட்டு கொட்டென்று கொட்ட, பழைய சந்தை ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு கடையின் தகரக் கதவு மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. சிட்டு விழுந்த கிளைகளைச் சுற்றிச் சுற்றி நிதானமாக ஓட்டினாள். நன்றாகத்தான் ஓட்டினாள். மாமனாருக்கு அது பார்க்காமலே தெரிந்தது. "கியர் மாத்தற சத்தமே கேக்கல" என்றார், யாரிடம் என்று சொல்லாமல்.

ஆஸ்பத்திரியில் கூட்டமில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். மருந்து ஏற ஏற இருந்த பார்வையும் மங்கியது. அவர் கைகள் பெஞ்சின் ஓரத்தைத் துழாவிப் பிடித்துக்கொண்டன. உலகத்தையே இழுத்துக்கொண்டு போன மாதிரி எத்தனையோ பெட்டிகளை இழுத்துப் போன கை அது. சிட்டு ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருமகள் இன்னொரு பக்கம் உட்கார்ந்தாள்.

"மாமா, ஆற்றுக்காரி அப்புறம் என்ன பண்ணா?"

"எந்த ஆற்றுக்காரி? அவதான் இல்லைன்னு ஆயிடுச்சே."

"புத்தகத்துல இல்ல. உங்ககிட்ட இருக்காளே."

அவர் கண்ணை மூடியபடியே சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் கரைக்கு ஒருத்தன் வந்தான், நல்ல உடுப்பு, கையில் ஒன்றுமில்லை. யாரை விட்டுட்டு வர்றே என்று ஆற்றுக்காரி கேட்டாள். யாரையும் விட்டுட்டு வரல, எனக்கு யாரும் இல்லை என்றான். படகில் ஏறி உட்கார்ந்தான். படகு நகரவில்லை. பொழுது சாய்ந்தது. ஆற்றுக்காரி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

பெஞ்சைப் பிடித்திருந்த கை மடிக்கு வந்திருந்தது. எதிர் பெஞ்சில் கண்ணை மூடியிருந்த ஒரு அம்மாளும் தலையை இந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு கதை கூட சொன்னதில்லையேப்பா நீங்க," என்றாள் சிட்டு.

"உனக்கு ஸ்டேஷன் பேரு எல்லாம் வரிசையாச் சொல்வேனே."

"அதுல பாதியிலயே தூங்கிருவேன்."

"அதுக்குத்தான் சொன்னேன்."

"அப்புறம் அவன் என்ன பண்ணான்?" என்றார் எதிர் பெஞ்சு அம்மாள்.

"நகரவே இல்லையேம்மா படகு. கடைசியில மெதுவா ஒரு பேரைச் சொன்னான். யாருன்னு நெனச்சீங்க? அன்னைக்குக் காலையில அவன் விட்டுட்டு வந்த பொண்டாட்டி."

சிட்டு கையை விடுவித்துக்கொண்டாள். "தண்ணி வாங்கிட்டு வர்றேன்" என்று எழுந்து போனாள். திரும்பி வர வெகு நேரமாயிற்று. கையில் தண்ணீர் இல்லை.

டாக்டர் இளம் பெண். இயந்திரத்தில் எடுத்த படத்தைக் காட்டி, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒழுகுது. கூரை ஒழுகினா கீழ சுவர் ஊறுமே, அது மாதிரி. ஊசி போட்டு ஒழுக்கை நிறுத்தணும். இன்னைக்கே முதல் ஊசி போட்டுரலாம். அப்புறம் மாசா மாசம் வரணும்."

"ஊசி எங்க போடுவீங்க?" என்றார் மாமனார்.

"கண்ணுலதான்."

"கையில போட முடியாதா?"

"கையில ஒழுக்கு இல்லையே சார்."

அவர் அதை ஒப்புக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினார். "போனது திரும்பி வருமா?"

"முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் வரலாம். இருக்கறதைக் காப்பாத்திடலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா அதுவும் சந்தேகம்தான். யாரு கண்டுபிடிச்சது?"

மாமனார் குரல் வந்த திசையில் இல்லாமல், மருமகள் நின்ற திசையில் கையை நீட்டினார். "என் மருமக. ஒரு பொய்யைப் பிடிச்சா, கண்ணும் மாட்டிக்கிச்சு."

ஊசி போட்டு வெளியே அழைத்து வந்தபோது இடது கண் மேல் ஒரு மூடி ஒட்டியிருந்தது. வலி எப்படி என்று கேட்டதற்கு, "பேச்சுதான் பெரிசு, வேலை சின்னது" என்றார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கை பிடித்து நடத்தினார்கள். நடுவழியில் நின்றார்.

"சிட்டு, மாசா மாசம் இங்க வரணுங்கறாங்க. நான் இங்கயே இருந்துக்கறேன். வருத்தப்படுவியா?"

"இல்லப்பா," என்றாள் சிட்டு. ரொம்பச் சீக்கிரமாகச் சொல்லிவிட்டாள்.

*

வீடு திரும்பியபோது காற்று ஓய்ந்திருந்தது. கொடி ரோஜா சுவரை விட்டுக் கழன்று நடைபாதையில் குறுக்கே படுத்திருந்தது. இதழ்கள் ஈரமண்ணில் ஒட்டிக் கிடந்தன. சீமாட்டி இருந்த மூலையை மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. கொடியைக் காலால் நகர்த்தி, மாமனாருக்கு வழிவிட்டாள்.

சிட்டு அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்து, போர்வையை இழுத்துவிட்டாள். இன்னும் ஈர உடுப்போடுதான் இருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மாற்றுத் துணிப் பையை எடுத்து வந்து கொடுப்போம் என்று மருமகள் மேஜையிலிருந்த கார் சாவியோடு வெளியே போனாள். ஸீட்டில் பை இல்லை. டிக்கியைத் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கம்பளி சுற்றிய மெத்தை. இஸ்திரிப் பெட்டி. பிரஷர் குக்கர். கோடைச் செருப்பும் மழைக்கால பூட்ஸும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தகரப் பலகை, 'மகளிர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி'. சுவரிலிருந்து பிடுங்கிய திருகாணிகள் இன்னும் அதன் ஓட்டைகளில் தொங்கின.

அப்பாவை அழைத்துப்போக வந்தவள் வீட்டையே எடுத்துக்கொண்டா வருவாள்?

பின்னால் காலடிச் சத்தம். சிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். இருவரும் டிக்கியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"அப்பா வர்றேன்னு சொன்னப்ப எனக்கு ஒரு வீடு இருந்தது அண்ணி," என்றாள் சிட்டு. "நேத்து வரைக்கும் இருந்தது."

"மாப்பிள்ளை...?"

"இன்னைக்குக் கேக்காதீங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா கண்ணு கலங்கும். டாக்டர் கலங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மழை மறுபடியும் பொட்டுப் பொட்டாக விழ ஆரம்பித்தது. மருமகள் குனிந்து குக்கரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சிட்டு மெத்தையைத் தோளில் ஏற்றினாள். வாசல்படியில் குக்கரின் மூடி நழுவிக் கீழே விழுந்து, உருண்டு, கடைசி வட்டம் வரை சத்தம் போட்டு அடங்கியது.

"கண்ணாடிக்காரி," உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னம்மா சத்தம்? ரெண்டு பேரும் என்னத்த உருட்டறீங்க?"

சிட்டு அண்ணியின் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா. குக்கர் மூடி."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"நம்ம குக்கர் அடுப்படியில இல்ல இருக்கு?" என்றார் மாமனார். "வாசல்ல இருக்கறது யாரோடது?"